ஆளுக்கு எவ்வளவு?

குல்மார்க் கொண்டோலாவுக்கு இரண்டு கட்டம். கோங்டூரி வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கிருந்து அபர்வாட் மலைக்கு இன்னொரு டிக்கெட். மேலே இறங்கும் இடம் கிட்டத்தட்ட 3,980 மீட்டர் உயரம். சுற்றுலாக் குழு ஒன்றோடு காஷ்மீர் போன என் அத்தான் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டார். இரண்டாவது டிக்கெட்டின் விலையைக் கேட்டதும், "அந்தத் துட்டுக்கு வீட்டுக்கு ஒரு மாசம் பால் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோங்டூரியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அக்கா மற்றப் பெண்களோடு மேலே போய், பனியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு முன்னறையில் டிவிக்கு மேலே தொங்குகிறது. "மாமா எங்க, காணோம்?" என்று யாராவது கேட்டுத்தான் ஆவார்கள். "அவ்வொ கீழ இருந்து காசு எண்ணிக்கிட்டு இருந்தாவ" என்பாள் அக்கா.

அத்தானைக் கஞ்சன் என்று சொல்ல மாட்டேன். மலையைப் பார்க்கக் காசு கொடுப்பது என்பதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. மொட்டைமாடிக்குப் போனால் மேற்கே பொதிகை தெரிகிற ஊரில் பிறந்தவர். "மலைங்கது அங்கனதான இருக்கு. அதப் பாக்க எதுக்குத் துட்டு?" மழை ஓய்ந்து மலை தெளிவாகத் தெரிந்த ஒரு தை மாதக் கடைசியில், அரசுப் பேருந்தில் மாஞ்சோலைக்குப் போய்வந்து இதை நிரூபித்துவிடுவது என்று கிளம்பினார். அக்காவுக்கு முழங்கால் வலி. அந்தப் பாதையில் பஸ் பயணம் அவளுக்கு ஆகாது. சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று என்னை இழுத்துக்கொண்டார். வாடகை வண்டி பிடிக்கலாமே என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

கொக்கிரகுளம்

திருநெல்வேலி டவுனிலிருந்து புதுப் பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் தாமிரபரணியைத் தாண்ட வேண்டும். சுலோசன முதலியார் பாலம். ஒரு காலத்தில் இங்கே படகுதான். படகில் ஏற அடிபிடி, வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பாலம் கட்டி, கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கிச் செலவை ஈடுகட்டலாம் என்று பேச்சு வந்ததாகவும், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியாருக்கு அது பொறுக்கவில்லை என்றும் ஊரில் சொல்வார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் வரை தன் பணத்தைப் போட்டுக் கட்டினார். 1843-ல் பாலம் திறந்தது. அன்றைய ஐம்பதாயிரம் எவ்வளவு பெரிய தொகை என்று அத்தான் பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார். அவர் கையெடுத்துக் கும்பிடுகிற மிகச் சில மனிதர்களில் முதலியார் ஒருவர்.

பாலத்தைத் தாண்டியதும் ஆற்றை ஒட்டிக் கலெக்டர் அலுவலகம். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்தவர்களை விடச் சொல்லியும் வந்த ஊர்வலத்தைப் போலீஸ் இங்கேதான் தடியடி நடத்திக் கலைத்தது. ஜனங்கள் ஆற்றுக்குள் இறங்கி ஓடினார்கள். 17 உயிர் போனது, அதில் ஒன்று கைக்குழந்தை. என் வயதுக்காரர்கள் இந்த இடத்தைக் கடக்கும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். அத்தானும் நிறுத்தினார். மேலப்பாளையம் வருகிற வரைக்கும் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி

ஆற்றின் தென்கரையோடு மேற்கே போகிற இந்தச் சாலையில் எத்தனை முறை போனாலும் எனக்கு அலுக்காது. பத்தமடையில் கோரைப் பாய், வீரவநல்லூரில் சேலை, கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். ஊருக்கு ஒரு தொழில், எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர். பிசான நெல் கதிர் வாங்கிப் பழுப்பேற ஆரம்பித்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் கரை தொட்டு ஓடியது. சென்னையில் இருந்து வருகிற எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் பாலத்துக்குக் கீழே கிடக்கிற ஒன்று. இங்கே அது வீட்டுப் புறவாசல் வரைக்கும் வாய்க்காலாக வந்துவிடுகிறது.

கல்லிடைக்குறிச்சியில் இட்லியும் ரசவடையும். ரசத்தில் வடை முழுக்க ஊறியிருக்கக் கூடாது, நடுவில் கொஞ்சம் மொறுமொறுப்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பது அத்தானின் சட்டம். அன்று அது சரியாக அமைந்ததில் அவருக்கு வாதத்துக்கான தெம்பு வந்துவிட்டது.

"பழனி ரோப் காருக்கு நான் துட்டு கொடுத்தேம்லா? அதச் சொல்ல மாட்டாளே உங்க அக்கா."

கொடுத்தார்தான். பழனியில் 1966-லிருந்து விஞ்ச் ஓடுகிறது. ரோப் கார் 2004-ல் வந்தது. படியேறினால் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்குகிற மலையை மூன்று நிமிடத்தில் ஏற்றிவிடும். ஆடிக் காற்று வீசினால் நிறுத்திவிடுவார்கள், பராமரிப்புக்கென்றும் நிறுத்துவார்கள். அத்தான் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று அது ஓடியது. எண்பது வயதில், இனிமேல் இந்த ஜென்மத்தில் இல்லை என்று நினைத்திருந்த தண்டாயுதபாணியை அத்தை பார்த்துவிட்டு வந்தார். அதற்குக் கொடுத்த காசைப் பற்றி அத்தான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

2024-ல் சோளிங்கருக்கும் அய்யர்மலைக்கும் ரோப் கார் வந்தது. நம்மவர்கள் கம்பியில் தொங்கிப் போவது சாமியைப் பார்க்கத்தான் என்று தோன்றுகிறது. வெறும் மலையைப் பார்க்கத் தொங்குவது இன்னும் நமக்குப் பழகவில்லை. இதை அத்தானிடம் சொன்னதும், தன் கட்சிக்கு ஆதாரம் கிடைத்ததுபோல் இன்னொரு ரசவடை வாங்கிக் கொடுத்தார்.

மணிமுத்தாறு

திருநெல்வேலிக்காரர்களுக்கு மூன்று எண்கள் மனப்பாடம். பாபநாசம் 143, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. அணைகளின் முழு நீர்மட்டம், அடிக்கணக்கில். பத்திரிகையில் தினமும் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திக்குப் போவார்கள். பேருந்து நின்ற இடத்திலிருந்து மணிமுத்தாறு அணையின் நீளமான கரையைப் பார்த்ததுமே "நூறுக்கு மேல இருக்கும்" என்றார் பின்சீட்டில் இருந்த ஒருவர். "நூத்தி அஞ்சு" என்று திருத்தினார் இன்னொருவர். வண்டி புறப்படுகிற வரைக்கும் அது தீரவில்லை.

வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் இங்கே தொடங்குகிறது. மேலே பிளாஸ்டிக் போகக் கூடாது. என் முறுக்குப் பொட்டலம் மாட்டிக்கொண்டது. அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரையும் காணத்துவையலும் வாழை இலையில் இருந்ததால் தப்பித்தன. "ஒரு பைசா அபராதம் இல்ல பாத்தியா" என்றார் அத்தான், என் முறுக்கு பறிபோன துக்கம் கொஞ்சமும் இல்லாமல்.

மலைப்பாதை

சாவடியைத் தாண்டினால் உடனே ஏற்றம். கீழே காய்ந்த காடு. உசிலையும் வேங்கையும் இலை உதிர்த்து நின்றன. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் மணிமுத்தாறு அணை ஒருமுறை இடது ஜன்னலுக்கு வரும், அடுத்த வளைவில் வலது ஜன்னலுக்குப் போகும், முன்பைவிடச் சின்னதாக. சட்டென்று ஒரு இடத்தில் வெயில் அற்றுப்போய், ஈர வாசனை ஜன்னல் வழியாக ஏறியது. அதற்கு மேல் பச்சை குறையவே இல்லை. ஒரு கருமந்திக் கூட்டம் வண்டியைப் பார்த்துவிட்டு, பெரிய விஷயமில்லை என்பதுபோல் மறுபடி இலையைக் கடிக்கத் தொடங்கியது.

பாதை மோசம். தார் இருந்த இடம் எது, கல் எது என்று தெரியாது. சில பள்ளங்களில் ஓட்டுநர் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினார். அக்கா வராதது நல்லது என்று நினைத்துக்கொண்டேன். கொண்டோலாவில் உட்காருகிறவன் உடம்புக்கு மலை தெரியாது. இங்கே ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் பதிந்தது. ஆனால் இந்த மெதுவான போக்கில்தான் கருமந்தியைப் பார்க்க முடிந்தது. நடத்துநர் கையில் ஒரு துணிப்பை இருந்ததையும் அப்போதுதான் கவனித்தேன்.

பை நிறைய மாத்திரை அட்டைகள், ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு செய்தித்தாள், யாருக்கோ அம்பாசமுத்திரத்தில் தைத்து வாங்கிய ஜாக்கெட். ஒரு வளைவில் வண்டி நின்றது. மரத்தடியில் நின்ற பையனிடம் மாத்திரையைக் கொடுத்து, "ராத்திரிக்கு அரை மாத்திரதான், முழுசாக் குடுத்துராத" என்று இரண்டு தடவை சொன்னார். வண்டி நகர்ந்த பிறகு திரும்பி எங்களைப் பார்த்து, "அண்ணாச்சி, சுத்திப் பாக்க வந்தியளா?" என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மாஞ்சோலை, காக்காச்சி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பத்திரிகையில் வரும் மழைப் பட்டியலில் முதல் சில வரிகள் பெரும்பாலும் இந்த மலைக்குத்தான்: ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை. கீழே சமவெளியில் தூறல் கூட இருக்காது, இங்கே கொட்டித் தீர்த்திருக்கும். அந்த மழைதான் மணிமுத்தாறாக இறங்கித் தாமிரபரணியில் சேருகிறது. எங்கள் வீட்டுக் குழாய்க்கும் வந்துசேர்கிறது.

இந்தக் காடு சிங்கம்பட்டி ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது. 1929-ல் 8,374 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனிடம் ஜமீன் கொடுத்தது. சென்னையில் நடந்த ஒரு கொலையின் வழக்குக்குச் செலவழித்துப் பட்ட கடனை அடைக்கத்தான் கொடுத்தார்கள் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வக்கீல் பீஸுக்குப் போன மலை என்று அத்தான் சொல்வார். காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். கீழிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். காக்காச்சியில் துரைமார்களுக்குக் கோல்ஃப் மைதானம் கூட இருந்தது. குத்தகை 2028-ல் முடிய வேண்டும். அதற்கு முன்பே, 2024 ஜூனில், தேயிலைத் தோட்ட வேலை நின்றது. விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கி ஆட்களை இறங்கச் சொன்னார்கள். தோட்டத்தை அரசின் தேயிலை நிறுவனமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டுத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கை அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

மாஞ்சோலையில் வண்டி நின்றபோது இறங்கியவர்களைவிட ஏறக் காத்திருந்தவர்கள் அதிகம். எல்லோர் கையிலும் மூட்டை.

நாலுமுக்கு

வண்டி ஊத்துக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் கடை வாசலை விட்டு நகரக் கூடாது என்று நடத்துநர் கண்டிப்பாகச் சொல்லித்தான் எங்களை இறக்கிவிட்டார். எதிரே லயன் வீடுகள். பாதிக்கு மேல் பூட்டு. சில கதவுகளில் பூட்டும் இல்லை, கயிறு கட்டியிருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் மட்டும் கோலம் போட்டிருந்தது.

டீ போட்டுக் கொடுத்த அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். விரல்களில் கொழுந்து கிள்ளிய கறை போகாமல், நகக்கண்ணெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. டம்ளரை வைத்துவிட்டு எங்கள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். கடைக்குப் பின்னால் சரிவு முழுக்கத் தேயிலை. படத்தில் பார்க்கிற, கத்தரித்துச் சமமாக்கிய பச்சை மேடு இல்லை. நெஞ்சுயரம், சில இடத்தில் தலைக்கு மேல், கன்னாபின்னாவென்று கிளைத்து நின்றது. நடுவில் நடக்கிற வழிகூட மூடியிருந்தது.

"கவாத்து வெட்டலேன்னா இப்படித்தான் தம்பி. தேயிலைங்கது மரந்தான். நாங்கதான் அதச் செடியா வச்சிருந்தோம்."

அத்தான் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அந்த அம்மா பிறந்தது இங்கே. அவருடைய அம்மாவும் இங்கே கொழுந்து எடுத்தவர்தான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், வரச்சொல்லிக் கூப்பிடுகிறான். போய்ப் பத்து நாள் இருந்து பார்த்தாராம். "ராத்திரி ஃபேன் சத்தத்துல தூக்கம் வரல. இங்க ஃபேனே கெடையாதே." முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறவர்கள் வண்டியை நிறுத்தித் தேயிலைக்கு நடுவே நின்று படம் எடுப்பார்களாம். கூடையை வாங்கி மாட்டிக்கொண்டும் எடுப்பார்களாம். "எங்களையும் நிக்கச் சொல்லுவாங்க. நின்னா ஒரு பத்து ரூவா குடுப்பாங்க, சிலபேரு. இப்ப யாரும் எடுக்கறதில்ல. எதுல நின்னு எடுக்க?"

ஊட்டிக்கும் மூணாறுக்கும் நாம் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிற அந்தப் பச்சைக்கம்பளம் தானாக முளைத்தது என்றுதான் நானும் ஏதோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது. நாள் கூலிக்கு ஆள் வைத்து, வாரம் தவறாமல் கிள்ளி, காலம் தவறாமல் வெட்டி வைத்திருந்த காட்சி அது. கூலி நின்றதும் காட்சியும் நின்றுவிட்டது. காட்டுக்கு இதுதான் நல்லது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆற்றுக்கும் நல்லதாக இருக்கலாம். கீழே தண்ணீர் குடிக்கிறவன் என்ற முறையில் அதை மறுக்க எனக்கு வாயில்லை. ஆனால் நெஞ்சுயரத் தேயிலைக்கு முன்னால், கறை படிந்த விரலோடு டீ ஆற்றுகிறவரிடம் அந்த வாதத்தைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

புளியோதரையை மூவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். காணத்துவையலை ருசித்துவிட்டு, "பூண்டு கொஞ்சம் கம்மி" என்றார் அந்த அம்மா. டீக்கு எவ்வளவு என்று கேட்டதற்குச் சொன்ன தொகையை அத்தான் கொடுத்தார். பிறகு சட்டைப்பைக்குள் மறுபடி கைவிட்டு, ஒரு நோட்டை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தார். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. அவர் பார்க்க விடவும் இல்லை.

பாபநாசம்

இரவு அம்பாசமுத்திரத்தில் தங்கி, காலையில் பாபநாசம். கோயில் படித்துறையில் பொரி போட்டால் மீன்கள் கும்பலாக மேலே வரும். பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போன துணிகள் காலில் சுற்றும். அதையும் சகித்துக்கொண்டுதான் குளிக்க வேண்டும். அத்தான் முங்கி எழுந்து வெகுநேரம் கிழக்கே பார்த்து நின்றார்.

படித்துறைக்கு மேலே டீக்கடையில் பேச்சு காரையாறு பக்கம் திரும்பியது. அங்கே மேல் அணையில் முன்பு படகு ஓடியது. அணை நீரைக் கடந்துபோய்ப் பாணதீர்த்தம் அருவியை அருகில் பார்க்கலாம். 'சின்னச் சின்ன ஆசை' பாட்டில் வந்த அருவி என்று சொல்லியே கூட்டம் அள்ளியது. படகு நின்று வருஷக்கணக்காகிறது. கடைக்காரர் சொன்னார்: "இங்கேர்ந்து ஒரு ரோப் காரு போட்டு மேல விட்டாம்னா எங்க பொழப்பே வேற அண்ணாச்சி. கேரளாக்காரன் எல்லாம் இங்க வருவான்."

புலிகள் காப்பகத்துக்குள் தூண் நடவிட மாட்டார்கள் என்றேன் நான். அத்தான் என்ன சொல்வார் என்று ஆவலாக இருந்தது. "போட்டா ஆளுக்கு எவ்வளவு வாங்குவாங்க?" என்று கேட்டார். பிறகு, கடைக்காரர் பதில் சொல்வதற்குள், "அந்தப் படகுல நான் உங்க அக்காவோட போயிருக்கேன் மாப்ளே. கல்யாணமான புதுசு. அப்பவும் அதிகந்தான்னு சொன்னேன்" என்றார். காரையாறு படகை இப்போது எவ்வளவு கொடுத்தாலும் பிடிக்க முடியாது.

அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். கருமந்தி, பள்ளம், டீக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏல, சுத்தி வளைக்காத. நான் வரலாமா, வேண்டாமா?" என்றாள்.

எனக்கு அதற்குப் பதில் தெரிந்தே இருந்தது. அபர்வாட்டுக்கு அவள் கொடுத்த காசு தகும். அந்த முழங்காலோடு பனியைத் தொட வேறு வழி அவளுக்கு இருக்கவில்லை. அத்தைக்காக அத்தான் பழனியில் கொடுத்ததைப் போலத்தான் அது. கால் நன்றாக இருக்கிறவன் மாஞ்சோலைக்குக் காரில் போவது வீண் செலவு. நடத்துநர் பையும் பார்க்கக் கிடைக்காது, பின்சீட்டு அணைக்கணக்கும் கேட்கக் கிடைக்காது. அக்காவுக்குக் கார்தான். முன்சீட்டு, இடுப்புக்கு ஒரு தலையணை, அனுமதி வாங்கிக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். நாலுமுக்கு வரை பாதை தாங்காது, மாஞ்சோலையோடு திரும்பிவிடலாம். இதைத்தான் சொன்னேன்.

"அவ்வொ சம்மதிப்பாவளா?"

அத்தான் அதற்குள் டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒரு வண்டிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். தொகையைக் கேட்டு முகம் சுருங்கியது, ஆனால் நகரவில்லை. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏழு சீட்டு வண்டி மாப்ளே. மூணு பேருக்கு எதுக்கு ஏழு சீட்டு? வீரவநல்லூர்ச் சித்தியும் சித்தப்பாவும் வரட்டும். அம்பைல இருக்க அவங்க பிள்ளைகள ரெண்டையும் ஏத்திக்குவோம். பங்கு போட்டா பஸ்ஸு மாதிரிதான் வரும்."

போனில் அக்கா இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சித்தி வந்தா சன்னலோரம் அவளுக்குத்தான் வேணும்பா" என்றாள். "முன்சீட்டு எனக்குன்னு இப்பமே சொல்லிரு."